வலி இருக்கா?

வெள்ளிக்கிழமை ஓ.பி. முடிகிற நேரம். அஞ்சு நாளுக்கு முன்னால் கண்புரை ஆபரேஷன் ஆன ஒரு அம்மா போனில்.

"தம்பி, கண்ணு கலங்கலா இருக்கு. ஆத்துல புதுத்தண்ணி வந்தாப்ல."

"வலி இருக்காம்மா?"

"வலியெல்லாம் இல்லப்பா."

"சொட்டு மருந்தை விடாம போடுங்க. திங்கக்கிழமை செக்கப்புக்கு வாங்க."

அவ்வளவுதான். கல்லணை திறந்த வாரம் அது. அந்த ஊரிலிருந்து மன்னார்குடி வர ரெண்டு பஸ் மாற வேண்டும். அன்றைக்குக் கலங்கல் என்று சொன்னது இவர் மட்டுமில்லை. மற்ற இருவருக்கும் வெறும் கார்னியா (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம்) வீக்கம், தானாக வடிந்தது. இப்படி எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஸ்லிட் லாம்ப்பில், கண் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில், பார்த்தேன். கார்னியாவுக்குப் பின்னால், அடியில் வண்டல் படிந்ததுபோல் ஒரு மில்லிமீட்டர் சீழ்க்கோடு. எண்டோஃப்தால்மைடிஸ், கண்ணுக்குள்ளேயே கிருமித் தொற்று. கண் முன்னால் கையை ஆட்டினால் அந்தக் கையசைப்பு மட்டும் தெரிந்தது. வெறும் வெளிச்சம் மட்டுமே தெரிகிற நிலை என்றால் உடனே விட்ரெக்டமிக்கு, அதாவது கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லை எடுக்கும் ஆபரேஷனுக்கு, அனுப்பியிருப்போம். இவருக்கு விட்ரியஸிலிருந்து சொட்டு உறிஞ்சி எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராம் என்று ரெண்டு ஆன்டிபயாடிக்கைக் கண்ணுக்குள்ளேயே போட்டேன். ரெண்டும் தனித்தனி சிரிஞ்சில், ஒவ்வொன்றும் 0.1 மில்லிலிட்டர். ஒன்றாகக் கலந்தால் திரிந்துவிடும். அந்த 0.1 மில்லிலிட்டருக்காக ரெண்டு தடவை கணக்குப் போட்டேன். போனில் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்ட அதே ஆள்தான்.

கையசைப்பா, வெளிச்சமா என்ற அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதில் சேர்ந்த 420 பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு வலியே இல்லை. ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இதை நானே சொல்லியிருக்கிறேன்.

கல்ச்சரில் வளர்ந்தது கோஅகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபிலோகாக்கஸ். இந்தக் கிருமிகளில் சாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருந்திருந்தால் அந்த ரெண்டு நாளில் கண்ணே போயிருக்கலாம். கண்ணாடி போட்டுப் பார்வை 6/18 வந்தது; 6/6 தான் முழுப் பார்வை. வெள்ளிக்கிழமையே ஊசி போட்டிருந்தால் 6/9 வந்திருக்குமா, இதே 6/18 தானா? ரெண்டு பக்கமும் என்னால் வாதாட முடியும். சில ராத்திரி வாதாடியும் இருக்கிறேன்.

இப்போது யார் கலங்கல் என்றாலும் உடனே வரச் சொல்கிறேன். நேற்று அப்படி வந்தவருக்கு வெறும் கண் உலர்ச்சி. திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்தவர், நடவு ஆளை விட்டுவிட்டு வந்தேன் என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபமும் நியாயம்தான்.

கடைசி செக்கப்பில் அந்த அம்மா சொன்னார்: "நாந்தான் தம்பி ஒங்ககிட்ட சரியா சொல்லத் தெரியாம சொல்லிட்டேன்."

நான் மறுத்துப் பேசவில்லை. சொட்டு மருந்துச் சீட்டில் தேதியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.