சிலந்திப் பெண்ணின் பாறை

அக்டோபர் 17, வியாழன் – சின்லி

ஃபீனிக்ஸிலிருந்து காலையில் கிளம்பி, பிற்பகலில் சின்லி வந்து சேர்ந்தோம். அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நாட்டில், அதாவது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதியில், மாற்றுகிறார்கள். இப்போது இங்கே எங்கள் வீட்டு நேரத்தைவிட ஒரு மணி கூடுதல். நாளைய வழிகாட்டியிடம் தொலைபேசியில் முதலில் இதைத்தான் உறுதி செய்துகொண்டேன்.

பைகளை அறையில் போட்டுவிட்டு, தெற்கு விளிம்புச் சாலையில் கடைசிவரை போனோம். வண்டியை நிறுத்தி, ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்ததும் தரை சட்டென்று முடிந்துவிடுகிறது. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கும் இன்னொரு கிளைப் பள்ளத்தாக்கும் கூடும் இடத்தில், அடியிலிருந்து தனியாக எழுந்து நிற்கிறது ஸ்பைடர் ராக். உயரம் சுமார் 750 அடி. ஒரே அடிவாரத்திலிருந்து இரண்டு முனைகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. படங்களில் பார்க்கும்போது ஒற்றைத் தூண் போலத்தான் இருக்கும். நேரில் பார்த்தால் அதன் விலாவில் மேலிருந்து கீழ்வரை ஓடும் விரிசல்களும், மழைநீர் வழிந்த தடத்தில் படிந்த கறுப்புக் கோடுகளும் தெரிகின்றன.

இந்தக் கல் முழுக்க ஒரு காலத்தில் மணல்மேடுகளாக இருந்தது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு காற்று கொண்டுவந்து குவித்த மணல், இறுகிக் கல்லானது. பள்ளத்தாக்குச் சுவரில் சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும் வரிகள் அந்த மேடுகளின் பழைய சரிவுகள்தான். பின்னாளில் நிலம் உயர, ஆறுகள் அதை அறுத்துக்கொண்டு இறங்கின. இரண்டு பக்கமும் நீர் அரித்துப்போக, நடுவில் இது மிஞ்சியது.

மகள் தொலைநோக்கியை விடவே இல்லை. "உச்சி மட்டும் ஏம்மா வெள்ளையா இருக்கு?" என்றாள். நாளைக்கு வழிகாட்டியிடம் கேள் என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நவஹோ வழிகாட்டி இல்லாமல் கீழே இறங்க அனுமதி இல்லை. அது சரிதான் என்று நினைக்கிறேன். 1931-ல் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தபோதும் நிலம் நவஹோ மக்களுடையதாகவே இருந்தது. இன்றும் அப்படித்தான். எங்கள் வழிகாட்டி ஐம்பதைக் கடந்த அம்மா. அவருடைய தாய்வழிக் குடும்பத்துக்கு உள்ளே ஒரு சோளக் கொல்லை இருக்கிறது. கோடையில் கீழே, குளிர்காலத்தில் மேலே. வீடுகளையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

வாயிலில் சுவர்கள் முப்பது அடிதான் இருக்கும். ஈர மணலில் ஜீப் போகப் போக, இரண்டு பக்கமும் வளர்ந்து கடைசியில் வானத்தை ஒரு கீற்றாக்கிவிடுகின்றன. காட்டன்வுட் மரங்கள் எல்லாம் மஞ்சளாகியிருந்தன. ஒயிட் ஹவுஸ் இடிபாட்டில் எல்லோரையும் போல நாங்களும் இறங்கிப் பார்த்தோம். நவஹோ மக்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்த, பியூப்லோ என்ற பழங்குடியினரின் மூதாதையர் கட்டியது.

மதியம் பாறையின் அடியில் இருந்தோம். கீழிருந்து பார்க்கும்போது உச்சி தெரியவில்லை, கழுத்துதான் வலிக்கிறது. மகள் தன் கேள்வியைக் கேட்டாள். வழிகாட்டி சிரிக்காமல் பதில் சொன்னார்.

மேலே சிலந்திப் பெண் குடியிருக்கிறாள். எதிரே அந்தப் பக்கம் நிற்கும் பாறைக்கு முகம் உண்டு, வாயும் உண்டு. எந்தக் குழந்தை பெரியவர்கள் சொல்லைக் கேட்கவில்லை என்று அது அவளுக்குச் சொல்லிவிடும். அவள் நூல் ஏணியில் இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போவாள். உச்சியில் வெளுத்துக் கிடப்பது அந்தக் குழந்தைகளின் எலும்பு.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இணையத்தில் ஸ்பைடர் ராக் என்று தேடினால் முதலில் வருவது இந்தக் கதைதான். ஆனால் அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை.

எதிரிக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் ஒரு நவஹோ இளைஞனைத் துரத்திக்கொண்டு வருகிறான். இளைஞன் இந்தப் பாறையடியில் மாட்டிக்கொள்கிறான். ஏற வழியில்லை. அப்போது மேலிருந்து பட்டுக் கயிறு ஒன்று தொங்குகிறது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உச்சிக்குப் போய்விடுகிறான். கழுகு முட்டையைத் தின்று, பனிநீரைக் குடித்து உயிர் பிழைக்கிறான். கயிறு விட்டது யார் என்று பார்த்தால், சிலந்திப் பெண். எதிரி போன பிறகு அவளே இறக்கியும் விடுகிறாள்.

"என் பாட்டி முதல் கதையைச் சொன்ன அன்றே இதையும் சொல்லிவிடுவார்," என்றார். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. பூச்சாண்டியாக மட்டுமே வெளியே போய்ச் சேர்ந்த ஒருத்தி, இங்கே பிள்ளைகளைக் காப்பவள். நவஹோ புராணத்தில், உலகத்தை அரக்கர்களிடமிருந்து மீட்கப் போன இரட்டையருக்கு, தந்தையான சூரியனிடம் போகும் வழியில் துணை செய்து, காக்கும் இறகு கொடுத்தவளும் அவள்தான்.

கயோட்டி நரிக் கதைகள் பற்றி என் கணவர் கேட்டார். அந்த அம்மா இப்போது முடியாது என்று தலையாட்டினார். உறைபனி விழ வேண்டும், பாம்பும் சிலந்தியும் கரடியும் தூங்கப் போக வேண்டும், அப்புறம்தான் அந்தக் கதைகள். விரல்களில் நூலை மாட்டி உருவம் செய்யும் விளையாட்டும் குளிர்காலத்துக்கு மட்டும்தான். அதைக் கற்றுக்கொடுத்தவளும் சிலந்திப் பெண்ணே. மகள் பையில் வைத்திருந்த நூலை வெளியே எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கொல்லையோரம் பீச் மரங்களைக் காட்டினார். 1864 ஜனவரியில் அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை இந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்தது. அதே ஆண்டு ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பட்டினியில் பணிந்தவர்களை 300 மைலுக்கு மேல் நடத்தி, நியூ மெக்சிகோவில் பாஸ்கே ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழியிலும் முகாமிலும் செத்தவர்கள் ஏராளம். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகு மிஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள், மறுபடி பீச் நட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் வண்டியை நிறுத்திவிட்டார். பாறையடியில் கதை சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

அக்டோபர் 19, சனி

காலையில் வடக்கு விளிம்பு. மாசக்கர் கேவ் பார்வைமுனையில் நின்றோம். 1805-ல் நார்போனா என்பவரின் ஸ்பானியப் படை, குகையில் ஒளிந்திருந்த நவஹோ மக்களைச் சுட்டுக் கொன்ற இடம். மகளிடம் கொஞ்சமாகத்தான் சொன்னேன். அதிக நேரம் நிற்க முடியவில்லை.

மாலையில், வழிகாட்டி சொல்லி அனுப்பிய ஒரு நெசவாளர் வீடு. இந்தப் பயணத்தில் என் மனம் ஒட்டிக்கொண்ட இடம் இதுதான். தறி நிமிர்ந்து நிற்கிறது. பாவு மேலும் கீழுமாக இழுத்துக் கட்டியிருக்கிறது. ஊடு நூலை ஓட்டும் நாடா கிடையாது, அதை விரலால் கோத்துக் கொண்டுபோகிறார். தட்டைப் பலகையைத் திருப்பிப் பாவைப் பிரித்து, நூலை விட்டு, மரச் சீப்பால் அடிக்கிறார். அடி ஒவ்வொன்றும் தரையில் அதிர்கிறது. சீப்பின் பற்கள் பல வருட உரசலில் மழுங்கி, கைப்பிடி கருத்திருந்தது.

முதல் தறியைச் சிலந்தி ஆண் செய்தானாம், அதில் நெய்யக் கற்றுக்கொடுத்தது சிலந்திப் பெண். குறுக்குக் கழிகள் வானமும் பூமியும். பாவுக் கோல்கள் சூரியக் கதிர். பாவைத் தூக்கும் கயிறு பளிங்கும் மின்னலும். அடிக்கும் பலகை சூரியனைச் சுற்றிய ஒளிவட்டம். சீப்பு வெண்சங்கு. நெசவாளர் இதை ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பெண் குழந்தை பிறந்தால் சிலந்தி வலையை எடுத்து அதன் கைகளில் தடவுவது உண்டு, நெய்யும்போது கை சலிக்கக் கூடாது என்று. அவருக்கும் தடவினார்களாம்.

கரை கட்டிய விரிப்பு ஒன்றின் மூலையில், உள்நிறத்தில் ஓர் இழை மட்டும் கரையைத் தாண்டி ஓரம்வரை போகிறது. நெய்பவரின் எண்ணம் உள்ளேயே அடைபட்டுவிடாமல் வெளியே வர விட்ட வழி. அதை என் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு – ஃபீனிக்ஸ்

வரும் வழியில் கனாடோவில் ஹப்பெல் வணிக நிலையத்தில் இறங்கினோம். 1870களில் தொடங்கி இன்னும் நடக்கிறது. சிறிய விரிப்பு ஒன்று வாங்கினோம். விலை அதிகம்தான். ஆனால் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்து, நூற்று, சாயமேற்றி, தறியில் உட்கார்ந்து முடிக்க ஆகும் மாதங்களை நேற்று பார்த்த பிறகு பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வழிகாட்டியை முன்கூட்டியே பேசி, ஒரு முழு நாளை ஒதுக்கிக் கீழே இறங்குங்கள். பாதி நாளில் ஒயிட் ஹவுஸ் வரை போகலாம், பாறையடிவரை போக நாள் முழுக்க வேண்டும். இப்போது சொல்லக் கூடாது என்று அவர்கள் நிறுத்தும் கதையைத் தோண்டிக் கேட்காதீர்கள். நாங்கள் ஜனவரியில் மறுபடி போகிறோம், அதே அம்மாவிடம் நாள் கேட்டிருக்கிறேன். ஆற்றில் பனிக்கட்டியோ வெள்ளமோ இருந்தால் வண்டி உள்ளே போகாதாம். அப்படியானால் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.