நயினை அம்மாளிடம் விற்று வாங்கிய பிள்ளை

எங்கள் மகள் மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது மாமி வைத்த நேர்த்தி இது. பிள்ளை உயிரோடு வீடு வந்தால் நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் விற்று வாங்குவது, அதாவது அம்மனிடமே கொடுத்துவிட்டுக் காசு வைத்துத் திரும்ப வாங்குவது, வெள்ளியில் ஒரு நாகம் செய்து அடையாளம் கொடுப்பது. அவள் தேறி, கழுத்து நின்று, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் மாமி எனக்கே சொன்னார். "அம்மாள் காத்துத் தந்த சீவன். கடனை இழுத்தடிக்கக் கூடாது பிள்ளை" என்றார். ஆடி வெள்ளியில் போவது என்று முடிவாயிற்று.

ஆடியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும், கடல் கொந்தளிக்கும், கைக்குழந்தையோடு வேண்டாம் என்று சொல்லாத ஆள் இல்லை. மாமி அசையவில்லை. நானும் சரி என்று கிளம்பிவிட்டேன்.

கொழும்பில் இருந்து இரவு பஸ். விடியப் புறம் யாழ்ப்பாணத்தில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் முழுகி, வான் பிடித்தோம். பண்ணைப் பாலம் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல்தான். ஆழமில்லாத தண்ணீரில் கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள், இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் மீன் எடுக்கிறார்கள். வேலணை தாண்டி வாணர் தாம்போதி என்கிற கடல் பாதை வழியாகப் புங்குடுதீவு, அதன் அந்தலையில் குறிகட்டுவான் துறை. அதற்கப்பால் போட்தான்.

குறிகட்டுவானைப் பற்றி மட்டும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, போட் வந்து அணைந்ததும் அது கலைந்துவிட்டது. வயதானவர்களும் பிள்ளைத்தாய்மாரும் நிற்கும்போது இளம் பெடியன்கள் குறுக்கே பாய்ந்து ஏறினார்கள். "தனிப் போட் இருக்கு, உடனே போகலாம்" என்று ஒருவர் பின்னாலேயே வந்து, கேட்கக் கேட்க விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மனைப் பார்க்க வந்த சனத்திடம் இப்படிப் பறிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! கடைசியில் எல்லோரும் போகிற போட்டிலேயே இடம் கிடைத்தது. கீழ்த்தட்டில், குனிந்து இறங்கி, மரப்பலகையில் முழங்கால் முட்ட உட்கார்ந்தோம்.

தூரம் அதிகமில்லை, அரை மணி நேரம்கூட இல்லாத ஓட்டம். ஆனாலும் துறையை விட்டு வெளியே வந்ததும் சோளகம் தன் வேலையைக் காட்டியது. போட் ஒரு பக்கம் சரிய, அலை அடித்து யன்னலால் உள்ளே விழுந்தது. என் மடி நனைந்து, பிள்ளை வீரிட்டு அழுதாள். டீசல் மணம் வேறு. பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்கள ஆச்சி, நயினாதீவிலேயே உள்ள புத்த கோயிலான நாகவிகாரைக்குப் போகிறவர், தன்னுடைய துவாயை எடுத்துப் பிள்ளைக்கு மேல் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். அவருடைய சேலை முழுக்க நனைந்துவிட்டது. அவர் "சாது, சாது" என்றார், மாமி "அம்மாளாச்சி" என்றார், கரை வரும் மட்டும் அப்படியே. அவர்களும் புண்ணிய பூமி என்றுதான் வருகிறார்கள். மணி ஆசனத்துக்காகச் சண்டை போட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் இங்கே வந்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

நம்முடைய கதையிலும் நாகம்தான். பக்கத்துப் புளியந்தீவில் இருந்து அம்பாளுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததும், அது கல்லைச் சுற்றிக்கொண்டு உயிருக்குப் போராடியதும், அந்த வழியே கப்பலில் வந்த வணிகர் இடையில் புகுந்து அதைக் காப்பாற்றியதும் சின்ன வயதில் அம்மம்மா சொல்லிக் கேட்டது. பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இந்தக் கடலில்தான் இருக்கின்றன. இவ்வளவு காற்றிலும் வாயில் பூவை விடாமல் நீந்தியதே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இராஜகோபுரம் கண்ணில் பட்டதும் போட் முழுக்க "அரோகரா" எழுந்தது. மாமி அழத் தொடங்கிவிட்டார்.

கால் கழுவி உள்ளே போனால் கொடிமரத்தடியில் இருந்தே நெருக்கம். உச்சிக்காலப் பூசைக்கு மணி அடிக்கிற நேரம். தீபாராதனை காட்டும்போது முன்னால் நின்ற சிலர் கையைத் தூக்கிக் கும்பிடாமல் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரிந்தது போன் திரை மட்டும்தான். கோயிலுக்குள் இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எத்தனை பேர் எத்தனை வருடத்து ஏக்கத்தோடு அந்த ஒரு நிமிடத்துக்காகக் கடல் தாண்டி வருகிறார்கள்.

கூட்டம் விலகியதும் ஐயர் எங்களைக் கூப்பிட்டார். பிள்ளையை என் கையில் இருந்து வாங்கினார். புது ஆளைக் கண்டாலே அழுகிறவள் அன்றைக்கு அழவில்லை. வாசற்படிக்கு இந்தப் பக்கம் பட்டுத்துணி ஒன்றை விரித்து, அம்மனுக்கு நேரே கிடத்தினார். உள்ளே ஐந்தலை நாகம் குடை பிடிக்க அம்மாள் இருக்கிறா. நெய் விளக்கின் வெளிச்சம் பிள்ளையின் உள்ளங்கால் வரைக்கும் வந்து விழுந்தது. மருத்துவமனையில் ஊசி ஏற்றிய சின்னத் தழும்பு அந்தக் குதிகாலில் இன்னும் இருக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கை இரண்டும் வெறுமையாக இருந்தது. பெட்டிக்குள் அவள் கிடந்தபோதும் இதே வெறுங்கை. கண்ணாடிக்கு வெளியே நின்று, தொட முடியாமல், மூச்சு விடுகிறாளா என்று நெஞ்சுக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. ஆனால் அன்றைக்கு இருந்த பயம் இப்போது இல்லை. அம்மாவே, இவள் உன்னுடையவள்தான், நீ வைத்திருந்தாலும் சரி, தந்தாலும் சரி என்று மனம் சொன்னது. அப்படி ஒரு வார்த்தை என் மனதில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவ தான் சொல்ல வைத்திருக்கிறா.

"என்ன விலைக்கு வாங்குறியள்?" என்று ஐயர் கேட்டார்.

மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கை நடுங்கியதில் முடிச்சு லேசில் அவிழவில்லை. நூற்றியொரு ரூபாய், எல்லாம் சுருண்டு கசங்கிய தாள்கள், கூட ஒரு ஒற்றை ரூபாய்க் குற்றி. வெள்ளி நாகத்தையும் அதோடு சேர்த்துத் தட்டில் வைத்தார். ஐயர் அம்மாளின் மாலையில் இருந்து ஒரு துண்டு எடுத்துப் பிள்ளையின் கழுத்தில் போட்டு, குங்குமம் வைத்து, என் கையில் தந்தார். "இனி இது அம்மாளின்ரை பிள்ளை. நீங்கள் கவனமா வளர்த்துக்கொள்ளுங்கோ." அவ்வளவுதான் சொன்னார். வாங்கிக்கொண்டு அந்தத் தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரகாரம் சுற்றியது, நாகதம்பிரானுக்குப் பால் வைத்தது எல்லாம் செய்தோம் என்று என் கணவர் சொல்கிறார், எனக்குச் சரியாக நினைவில்லை.

பிறகு அமுதசுரபி மண்டபத்தில் சாப்பாடு. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் நம்பிக்கை. கோமுகிப் பொய்கையில் எழுந்த பாத்திரத்தின் பெயரையே அன்னதானத்துக்கு வைத்திருக்கிறார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, அப்பளம், ஒரு பாயசம். யார், எந்த ஊர் என்று கேள்வியே இல்லை, உட்கார்ந்தால் இலை விழும். வெளியூரில் இருந்து போகிறவர்கள் கடைச் சாப்பாட்டைத் தேடாமல் இங்கே உட்காருங்கள், முடிந்ததை உண்டியலில் போடுங்கள். எதிர்ப் பந்தியில் அந்த ஆச்சியும் தன் ஊராட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்டேன். மாமி எழும்பிப் போய் அவருக்குக் குங்குமப் பிரசாதம் கொடுத்தார்.

கரையோரமாக நடந்தால் நாகவிகாரை, வழியில் பனங்கட்டி, புழுக்கொடியல் விற்கும் கடைகள். தீவைச் சுற்றி ஓட்டோவில் போகலாம் என்றார்கள், எங்களுக்கு அது தோன்றவில்லை. பனங்கட்டிக் குட்டான் மட்டும் வாங்கினோம்.

வருகிற ஆனி மகோற்சவத்துக்குத் தேரன்று வருகிறோம் என்று புறப்படும்போது அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அதற்குள் மகள் நடந்துவிடுவாள். தேருக்கு இதைவிடப் பல மடங்கு சனம் வரும், சோளகமும் அப்போது பலக்கத் தொடங்கியிருக்கும். வரட்டும். கூட்டிப் போகிறவ அவ, ஏற்றி இறக்குகிறவ அவ. நயினை நாகபூஷணித் தாயே, என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.