கோடைக் கடைசியில் தோட்டமும் ஜாடியும்

கோடை முடியப்போகும் நேரத்திலும் தக்காளிச் செடி பூத்துக்கொண்டேதான் இருக்கும். பூ விரிந்ததிலிருந்து பழம் சிவக்க 6 முதல் 8 வாரம் பிடிக்கும். அவ்வளவு நாள் வெதுவெதுப்பு மிச்சமில்லை என்றால் அந்தப் பூக்களால் செடிக்குச் செலவுதான். அதனால் குளிர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே, கடைசிக் காய்க்கொத்துக்கு மேலே இரண்டு இலை விட்டு ஒவ்வொரு தண்டின் நுனியையும் கிள்ளிவிடுங்கள். புதுப் பூக்கொத்துகளையும் எடுத்துவிடலாம். கிள்ள மனசு வராதுதான். ஆனால் கிள்ளிய செடியில்தான் இருக்கிற காய்கள் திரண்டு பழுக்கும்.

தண்ணீரை மட்டும் ஒரே சீராக விடுங்கள். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் நிறைய ஊற்றினால் சதை வேகமாகப் பருக்கும். தோலால் ஈடுகொடுக்க முடியாமல் பழம் வெடிக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் ஆவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் நீரோட்டம் விட்டுவிட்டு இருந்தால் அது காயின் நுனிவரை போய்ச் சேராது. காய்ந்த இலையோ வைக்கோலோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் இரண்டு தொல்லையும் குறையும்.

பழம் செடியிலேயே முழுதாகச் சிவக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதும் பறித்து, 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருக்கும் அறையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். வெயில் படத் தேவையில்லை. பழுக்க வைப்பது வெப்பம்தான், ஒளியல்ல. 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். பழுக்காததை ஃப்ரிட்ஜில் வைத்தால் பிறகு ருசியே வராது.

அடுத்து ஜாடி, அதாவது காயைச் சூடாக்கிக் காற்றுப்புகாமல் அடைத்துச் சேமிப்பது. எந்தக் காயை எப்படிச் சேமிப்பது என்பதைத் தீர்மானிப்பது அதன் புளிப்பு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாகாது. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு இருப்பது வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலே போகலாம். புளிப்பைக் காட்டும் அளவு பி.ஹெச்.; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தப் பாக்டீரியாவால் வளர முடியாது. தக்காளி அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது: சில பழம் கீழே, சில பழம் மேலே. நன்றாகக் கனிந்தால் புளிப்பு இன்னும் குறையும். பட்டுப்போன செடியில் பறித்த பழத்தை ஜாடிக்கு எடுக்கவே கூடாது.

அதனால் 500 மி.லி. ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம். புட்டியில் விற்கும் சாறுதான் வேண்டும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டிச் சாற்றில் மாறாது. சிட்ரிக் அமிலமானால் முறையே கால், அரை தேக்கரண்டி. உப்பு ருசிக்கு மட்டும், போடாவிட்டாலும் கெடாது.

செய்முறை இது. பழத்தைக் கொதிநீரில் 30 முதல் 60 விநாடி போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றித் தோலை உரித்து நான்காக வெட்டுங்கள். முதலில் ஒரு பங்கைப் பாத்திரத்தில் போட்டு மசித்தபடியே வேகமாகக் கொதிக்க வைத்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெட்டி அப்படியே போட்டுவைத்தால் அதற்குள் நொதிகள் சாற்றைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டினை உடைத்துவிடும். ஜாடியில் நீர் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எல்லாம் சேர்ந்த பின் 5 நிமிடம் கொதிக்கட்டும். சூடான ஜாடியில் எலுமிச்சைச் சாற்றை விட்டு, மேலே 1.25 செ.மீ. இடம் விட்டுத் தக்காளியை நிரப்புங்கள். காற்றுக் குமிழை எடுத்து, விளிம்பைத் துடைத்து, புதிய மூடியை விரல்நுனி இறுக்கத்தில் மூடுங்கள். ஜாடிகளை ஒரு பெரிய பாத்திரத்துக் கொதிநீரில் இறக்குங்கள். மூடிக்கு மேல் 2.5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 500 மி.லி.க்கு 35 நிமிடம், லிட்டருக்கு 45 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் 5 நிமிடம், 900-க்கு மேல் 10, 1,800-க்கு மேல் 15 நிமிடம் கூட்டுங்கள். உயரம் ஏற ஏற நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

எடுத்த ஜாடியை 12 மணி நேரமாவது அசைக்காதீர்கள். பிறகு மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் அசைந்தால் மூடி காற்றுப்புகாமல் ஒட்டவில்லை என்று பொருள். அதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் சமைத்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், எண்ணெய் எது சேர்த்தாலும் மேலே சொன்ன நேரம் செல்லாது. அப்படிச் செய்த குழம்பு ஃப்ரீசருக்குத்தான்.

பீன்ஸை வெறும் கொதிநீர் முறையில் ஜாடியில் அடைக்கவே வேண்டாம். புளிப்பே இல்லாத காய். ஜாடிகளை அழுத்தத்தில் சூடாக்குவதற்கென்றே செய்த, அழுத்தத்தைக் காட்டும் பாத்திரம் (பிரஷர் கேனர்) இல்லையென்றால் உறையவைப்பதே சரி. 500 கிராமுக்கு 4 லிட்டர் கொதிநீர், 3 நிமிடம். உடனே அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீர். இதைச் செய்யாமல் உறையவைத்தால் நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து, சில வாரத்தில் வைக்கோல் வாடை வந்துவிடும். ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைந்த பிறகு பையில் போட்டால் கட்டி தட்டாது. குடைமிளகாய்க்கு இந்தச் சுடுநீர் வேலை இல்லை; நறுக்கி அப்படியே உறையவைக்கலாம்.

வெள்ளரியைப் பறித்த அன்றே உப்புநீரில் போடுங்கள். பூ இருந்த முனையில் 2 மி.மீ. சீவிவிட வேண்டும், காயைக் கொழகொழப்பாக்கும் நொதி அங்கேதான் அதிகம். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு. காய் முழுக்க மூழ்க எடை வைத்து, 21 முதல் 24 டிகிரியில் 3, 4 வாரம் விடுங்கள். மேலே படியும் தட்டையான வெள்ளை ஆடை ஈஸ்ட். அவ்வப்போது எடுத்துப்போட்டால் போதும். பஞ்சுபோல் பூஞ்சணம் பூத்தாலோ, காய் வழுவழுத்து நாறினாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

உலர்த்துவதில் அவசரம்தான் எதிரி. மிளகாயையும் 6, 8 மி.மீ. கனத்தில் நறுக்கிய தக்காளியையும் 57 முதல் 60 டிகிரியில் வையுங்கள். அதைவிடச் சூடு கூடினால் மேல்பக்கம் ஓடுபோல் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு பிறகு பூஞ்சணம் பிடிக்கும். முழு மிளகாயைக் கீறிவிடுங்கள். காய்ந்ததை ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி 7 முதல் 10 நாள் தினமும் குலுக்குங்கள். உட்சுவரில் நீர்த்துளி தெரிந்தால் திரும்ப உலர்த்த வேண்டும். காய்ந்த தக்காளியை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது ஆபத்து.

விதைக்கு, கலப்பின வகையை விட்டுவிட்டு நல்ல செடியில் நன்கு கனிந்த தக்காளியைத் தேர்ந்தெடுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு ஒரு கிண்ணத்தில் 2, 3 நாள் புளிக்கவைத்தால் அது கரைந்துவிடும். அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, கண்ணாடித் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. பீன்ஸ் நெற்றைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே விதை கலகலத்தால் பறிக்கலாம்.