ஆபரேஷனுக்கு முன்னாலேயே மருந்து எதுக்கு?

மார்பில் கட்டின்னதும் "உடனே வெட்டி எடுத்திரணும்"னு நம்ம ஊரில் பதறுவாங்க. ஆனால் அது மார்பகப் புற்றுநோயாகி, ஹெர்-2 பாசிட்டிவாக (புற்று செல்லில் ஹெர்-2 என்கிற புரதம் அதிகமாக) இருந்து, கட்டி 2 செ.மீ. தாண்டினாலோ அக்குள் நெறிக்கட்டியில் (நிணநீர் முடிச்சில்) பரவியிருந்தாலோ, பெரும்பாலும் கட்டியைக் கரைக்க மருந்துதான் முதலில். பயாப்ஸி (கட்டியில் சதை எடுத்துப் பார்க்கிற டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ஹெர்-2 3+ என்றால் பாசிட்டிவ்; 2+ என்றால் ஃபிஷ் என்கிற மரபணு டெஸ்ட் பார்த்தே முடிவு.

கீமோவோடு, ஹெர்-2-வைக் குறிவைக்கிற டிரஸ்டுஸுமாப் மருந்தும் நரம்பில் ஏறும். முதல் டோஸ் கிலோவுக்கு 8 மி.கி., பிறகு 3 வாரத்துக்கு ஒருமுறை 6 மி.கி. 60 கிலோ அக்காவுக்கு 480, அப்புறம் 360. கோயில் கொடை, கல்யாணம்னு தள்ளிப்போடாதீங்க. ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால் மறுபடி 8-லிருந்து தொடங்கணும். இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கலாம், அதனால் எக்கோ (இதய ஸ்கேன்) முதலிலும் 3 மாதத்துக்கொருமுறையும்.

மருந்துக்கு முன்பே கட்டிக்குள் எள்ளளவு அடையாளக் கிளிப் வைக்கச் சொல்லிக் கேளுங்க. கட்டி கரைஞ்சாலும் ஆபரேஷன் உண்டு. இடம் காட்டுவது அந்தக் கிளிப்தான்.

நாகர்கோவிலில் பயாப்ஸி எடுத்துத் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போறவங்க ரிப்போர்ட்டோடு மெழுகு பிளாக்கையும் (எடுத்த சதையைப் பதிச்சு வைச்ச மெழுகுக் கட்டி) கையோடு வாங்கிட்டுப் போங்க.