நுண்துளைப் பொருட்கள்: கலவையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

வாயுக்களைத் துளைகளில் பிடித்துப் பிரிக்கும் நுண்துளைப் பொருட்களில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் பலரும் முதலில் எம்ஓஎஃப் (உலோக அயனிகளை 'இணைப்பான்' எனும் கரிம மூலக்கூறுகள் கோத்து உருவாகும் கூடு) படங்களில் மயங்கிவிடுகிறார்கள். தப்பில்லை. கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025-இல் வேதியியல் நோபல் கிடைத்ததே அந்த அழகான கூடுகளுக்குத்தான். ஆனால் எனக்குப் பாடம் பிடிபட்டது, பிரிக்க வேண்டிய கலவையை முதலில் எடுத்துக்கொண்ட பிறகுதான்.

புரொப்பிலீன், புரொப்பேன் ஜோடியைப் பாருங்கள். கொதிநிலை ஒன்றுக்கு −47.6 டிகிரி, மற்றதற்கு −42.1. இந்த ஐந்தரை டிகிரியை நம்பி வடித்துப் பிரிக்க நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகள் கொண்ட கோபுரம் வேண்டும். எரிசக்தி அங்கேதான் கரைகிறது. இதைப் புரிந்துகொண்டு இசட்ஐஎஃப்-8 என்ற எம்ஓஎஃப் பக்கம் வந்தால், அதன் துளை வாயிலான 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) சாளரம் ஏன் முக்கியம் என்பது தானாக விளங்கும். சாளரத்தைச் சுற்றியுள்ள இணைப்பான்கள் கொஞ்சம் அசைந்து கொடுப்பதால் புரொப்பிலீன் சுலபமாக நுழைகிறது, புரொப்பேன் திணறுகிறது.

அடுத்து ஐசோதெர்ம், அதாவது ஒரே வெப்பநிலையில் அழுத்தம் ஏற ஏறப் பொருள் எவ்வளவு வாயுவைப் பிடிக்கிறது என்று காட்டும் வரைபடம். இதில் மட்டும் அவசரமே வேண்டாம். அனல்மின் நிலையப் புகையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த அழுத்தம் 1 பார் (ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) என்றால் அதன் பங்கு 0.15 பார்தான். வரைபடத்தில் 0.15-இல் பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கட்டுரைகள் பெருமையாகச் சொல்லும் '1 பாரில் இவ்வளவு' என்ற எண், உங்கள் கோட்டுக்கு வெளியே எங்கோ இருக்கும். பிறகு, வாயுவை வெளியேற்றும் அழுத்தத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள கொள்ளளவுதான் உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது. ஆரம்பத்திலேயே செங்குத்தாக ஏறும் வளைகோடு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பிடித்ததை விடுவிக்க வெப்பமோ வெற்றிடமோ அதிகம் கேட்கும். துளைகளின் உட்பரப்பளவு எண்ணை வைத்து பொருட்களை வரிசைப்படுத்தும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஐஏஎஸ்டி கணக்கை ஒரு முறையாவது கையால் போட்டுவிடுங்கள். மையர்ஸ், பிராஸ்னிட்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் தந்த முறை. தனி வாயுக்களின் தரவிலிருந்து கலவையின் நடத்தையைக் கணிக்கிறது. சரி, அது கணிப்புதான். கலவையையே பொருள் நிரப்பிய படுகை வழியாகச் செலுத்திப் பார்த்த சோதனை இல்லாத கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஆய்வகத்தில் பலர் ஓட்டமாகக் கடப்பது, துளைகளில் தங்கிய கரைப்பானை வெளியேற்றும் வேலையை. எச்கேயூஎஸ்டி-1 என்ற தாமிர எம்ஓஎஃப் இதற்கு நல்ல ஆசான். அந்த இளநீலத் தூளை வெற்றிடத்தில் சூடாக்கினால், தாமிரத்தைப் பற்றியிருந்த நீர் போனதும் ஊதா கலந்த அடர்நீலமாகிவிடும். ஈரக்காற்று பட்டால் மறுபடி வெளிறும். நிறம் மாறாத மாதிரியை, பரப்பளவைக் காட்டும் 77 கெல்வின் நைட்ரஜன் அளவீட்டுக்கு ஏற்றினால் கருவியின் நேரம்தான் வீண்.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு கேள்வியை உறுதியாகத் தயார்செய்யுங்கள்: "ஈரப்பதம் இருந்தால் உன் பொருள் என்ன ஆகும்?" ஜியோலைட் 13எக்ஸ் (நுண்துளைகள் கொண்ட அலுமினிய சிலிகேட்) உலர்ந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடை நன்றாகப் பிடிக்கும்; ஈரம் வந்தால் நீர் முந்திக்கொள்ளும். கால்ஃப்-20 என்ற துத்தநாக எம்ஓஎஃப் உலர்ந்த நிலையில் அதைவிடக் குறைவாகப் பிடித்தாலும் ஓரளவு ஈரத்திலும் தாக்குப்பிடிக்கிறது, அதனால்தான் தொழிற்சாலை வரை போனது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கிவிட்டு, அப்புறம் உங்கள் பொருள் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.