பதிவேடு, பாஸ்போர்ட், தீர்ப்பு நகல்: கடற்கரைக் குறிப்புகள்

ஏப்ரல் 16

மீன்பிடித் தடைக்காலத்தின் இரண்டாம் நாள். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். இந்த 61 நாளில் வளைகுடாவுக்குப் பாஸ்போர்ட் போட நினைப்பவர்களில் பழைய போக்சோ வழக்கு (சிறாருக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கு) உள்ளவர்களும் உண்டு. வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: "பேரும் போட்டோவும் நெட்டுல வந்துருமா?"

வராது. 2018 செப்டம்பர் 20-இல் தொடங்கிய தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது. தொடங்கியபோதே 4.4 லட்சம் பதிவுகள். பெயர், முகவரி, படம், கைரேகை எல்லாம் அதில் உண்டு. ஆனால் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்கலாம். ஊர்ப்பெயரைத் தட்டினால் ஆள் படம் வருவது அமெரிக்காவில். அங்கே 2016-இல் வந்த சட்டப்படி, சிறாருக்கு எதிரான குற்றத்துக்காகப் பதிவேட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட்டிலேயே குறிப்பு அச்சாகும். இந்தியப் பாஸ்போர்ட்டில் அது கிடையாது.

ஏப்ரல் 18

நம் தரவுத்தளத்தின் பெருங்குறை, அதற்கெனத் தனிச் சட்டம் இல்லாதது. பெயரை நீக்கக் கேட்கும் படிவமோ முறையிடும் அதிகாரியோ சட்டத்தில் சொல்லப்படவில்லை. தவறாக ஒருவர் பெயர் ஏறினால் எங்கே போவது?

இந்தக் கரையில் ஒரே தெருவில் நான்கு அந்தோணி, மூன்று முனியசாமி, இரண்டு செய்யது இருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே பெயரை நீக்கக் கேட்டு எழுதும் மனுவில் தகப்பன் பெயர் முழுதாக, பிறந்த தேதி, காவல் நிலையம், குற்ற எண் (முதல் தகவல் அறிக்கையின் எண்), ஆண்டு, நீதிமன்ற வழக்கு எண் அத்தனையும் வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு பதிவு வசதியோடு விரைவுத் தபாலில், ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு (அதிகாரிக்கு உத்தரவிடக் கோரும் மனு). அப்போது அந்த ஒப்புகைதான் ஆதாரம்.

விடுதலையானவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2022-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி கைரேகை முதலானவை 75 ஆண்டு வைக்கப்படும். முன் தண்டனை இல்லாதவர் விடுவிக்கப்பட்டு, மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை அவற்றை அழிக்க வேண்டும். கேட்காமல் நடக்கும் என்று இருந்துவிடாமல் எழுத்தில் கேளுங்கள்.

எந்த மனுவிலும் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, உறவினர் விவரம் வரக் கூடாது. இணைக்கும் நகல்களிலும் பார்த்து மறையுங்கள். அந்தப் பிள்ளையும் இதே ஊரில்தான் வளர்ந்தாக வேண்டும்.

ஏப்ரல் 23

தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகத் தர வேண்டும். சிறையில் இருப்பவர் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீலுக்கு உரியவர். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், தொலைபேசி 15100. நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணத்தோடு.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே வந்ததும் வழக்கே போய்விட்டதென நினைக்கிறார்கள். நின்றது தண்டனை மட்டும். குற்றவாளி என்ற தீர்ப்பு, மேல்முறையீடு முடியும்வரை அப்படியே இருக்கும்.

மே 3

பாஸ்போர்ட். வழக்கு நடந்துகொண்டிருந்தால், அதை விசாரிக்கும் நீதிமன்றத்தில் அனுமதி உத்தரவு வாங்க வேண்டும். 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கைப்படி உத்தரவில் காலம் குறிக்கப்படாவிட்டால் பாஸ்போர்ட் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். இரண்டாண்டு வேலை ஒப்பந்தத்தோடு போகிறவர் அங்கே போய்த் திண்டாடுவது இதனால்தான். மனுவிலேயே எத்தனை ஆண்டு வேண்டுமென எழுதுங்கள். ஒப்பந்த நகலையும் இணையுங்கள்.

ஒழுக்கக்கேடான குற்றத்தில் இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், தீர்ப்பிலிருந்து ஐந்தாண்டுக்குள் போடும் விண்ணப்பத்தை மறுக்க வேண்டும் என்கிறது சட்டம். மறைத்து எழுதுவதோ தனிக் குற்றம்: இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "இல்லைன்னு டிக் பண்ணிரு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பவே கூடாது.

பாஸ்போர்ட் கையில் வந்தாலும், வழக்கு உண்டா இல்லையா என்று சொல்லும் காவல்துறைச் சான்று தனி. அதைக் கேட்கும் கம்பெனிகள் உண்டு. விசாவுக்குப் பணம் கட்டும் முன்பே அது தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மே 9

பதினேழு வயதில் ஒருவன் மேல் வழக்கு வந்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு மேலே சொன்ன ஐந்தாண்டு மறுப்பு பொருந்தாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. 74-ஆம் பிரிவோ முடிந்த வழக்கை நடத்தைச் சான்றில் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது. விலக்கு: 16 வயது நிறைந்து, கொடுங்குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றம் பெரியவராகக் கருதித் தண்டித்தவர்.

ஸ்டேஷனுக்கு வெறுங்கையோடு போகாமல் குழுமத்தின் இறுதி உத்தரவு நகலும், பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றும் கொண்டுபோங்கள்.

மே 12

விடுதலையான பிறகும் கூகுளில் தீர்ப்பு வருகிறதே என்ற கேள்வி. 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை அப்படி ஒருவரின் தீர்ப்பை இணையதளத்திலிருந்து எடுக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு முடியும்வரை, வேலை கேட்கும் இடத்தில் விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீங்களே முதலில் காட்டுவது நல்லது. இரண்டு நகல் வாங்கி, ஒன்றை வீட்டில் வையுங்கள்.