பெயர் வைக்கத் தெரியாமல் தோற்ற தேர்வு

முந்தாநாள் முடிவு வந்தது. படத்தொகுப்புச் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறையாக உட்கார்ந்து தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது வெட்டும் வேலை அல்ல, கிளிப்புகளின், அதாவது படமெடுத்த கோப்புத் துண்டுகளின் பெயர்.

பிரீமியர் ப்ரோ என்ற படத்தொகுப்பு மென்பொருள், மூன்று மணி நேரம், இரண்டு மெமரி கார்டுகளின் காட்சிகள். இரண்டு கார்டிலும் எண் சி0001-இலிருந்தே தொடங்கியது. நான் நேராக வெட்டத் தொடங்கி, டைம்லைன் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) நிரம்பிய பிறகு, கோப்புகளின் பட்டியல் இருக்கும் ப்ராஜெக்ட் பேனலில் அழகாகப் பெயர் மாற்றினேன். டைம்லைனில் ஏற்கெனவே கிடந்த துண்டுகள் பழைய பெயரிலேயே இருந்தன. கடைசிப் பத்து நிமிடத்தில் தேர்வாளர் வந்து, "பன்னிரண்டாம் காட்சியில் மூன்றாம் டேக்கை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போடுங்கள்" என்றார். டேக் என்றால் ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் ஒரு தடவை. என் கண் முன்னே இரண்டு சி0014. தவறானதை மாற்றினேன். வலது சொடுக்கி 'ரிவீல் இன் ப்ராஜெக்ட்' கொடுத்திருந்தால் உண்மையான பெயர் தெரிந்திருக்கும். கை நடுங்கும்போது அதெல்லாம் எங்கே நினைவுக்கு வருகிறது?

பக்கத்து இருக்கைக்காரர் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே போய்க் கோப்பின் பெயரை மாற்றியிருந்தார். அவருக்குப் பல மொழிகளில் 'மீடியா ஆஃப்லைன்' (கோப்பைக் காணவில்லை) என்று சிவப்புத் திரை. ஆனால் காணாத கோப்பை மீண்டும் இணைக்கும் லிங்க் மீடியா பெட்டியில் கோப்புப் பெயர் பொருத்தத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டி மீண்டுவிட்டார். எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

இந்த முறை செய்தவை:

- ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில், ப்ராஜெக்டில் உள்ள பெயரையும் லேபிள் நிறத்தையும் எல்லா இடத்திலும் காட்டச் சொல்லும் கட்டத்தை முதல் வேலையாக டிக் செய்தேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.
- காட்சி, ஷாட், டேக்: 12_03_02. ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் சுழியம்.
- தனியாகப் பதிவான ஒலிக்கும் படத்தின் பெயரே.
- பின்கள் (ப்ராஜெக்டுக்குள் போடும் ஃபோல்டர்கள்) மூன்று: படம், ஒலி, மற்றவை. பதினொன்று போடுகிறவர்கள் போடட்டும், எனக்குத் தேடப் பொறுமை இல்லை.
- 'ஃபைனல்', 'ஃபைனல் 2' கூடவே கூடாது.

இதற்கே இருபத்தைந்து நிமிடம் போனது. சுற்றிலும் எல்லோரும் வெட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் காட்சி, டேக் எண் எழுதிய கிளாப் பலகையைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வயிறு கலங்கியது. வேகக்காரர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

கோப்ரோ என்ற சிறிய கேமராவின் காட்சிகள் வந்தால் கவனம். நீண்ட ஒரே பதிவு ஜிஎக்ஸ்010057, ஜிஎக்ஸ்020057 என்று உடைந்து வரும். முதல் இரண்டு இலக்கம் துண்டின் வரிசை, கடைசி நான்குதான் பதிவு எண். பெயர்வாரியாக அடுக்கினால் தொடர்ச்சி எங்கோ தள்ளிப் போய்க் கிடக்கும்.

இந்த முறையும் டேக்கை மாற்றச் சொன்னார்கள். அரை நிமிடத்தில் மாற்றினேன். தேர்வாளர் திரையைப் பார்த்துத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.